ஓடக்கூலி

மூன்றாம் பாகத்தோடு எங்கள் மொழியில் நின்றுபோனது.
பதிப்பாளர் கடையை மூடிவிட்டார்.
மீதி நான்கையும் செக் மொழியில் படித்தேன்,
மருந்துக்கடை இரவுப் பணியில்,
இருமல் மருந்துப் பெட்டிமேல் காலை நீட்டியபடி.
அதனால் அந்தக் கதையில் எல்லோரும்
எனக்குள் முதலில் ஸ்லோவாக் பேசினார்கள்.
போர் மூண்டபிறகு செக்.

ஹெஸ்கா மட்டும் இரண்டும் பேசுவாள்.
ஓடக்காரி.
மூன்றாம் பாகத்தின் கடைசியில் வந்து
நான்காம் பாகத்தின் தொடக்கத்தில் போய்விடுவாள்.
மொத்தம் பத்தொன்பது பக்கம்.
காசு வாங்கமாட்டாள்.
அக்கரை போக ஆளுக்கொரு சொல் கேட்பாள்.
கொடுத்த சொல்
கொடுத்தவர் வாயில் மறுபடி வராது.

சமையற்காரன் ‘உப்பு’ என்றான்.
சிரித்தேன்.
இரண்டு பாகம் தள்ளி
சாகக் கிடக்கையில் அவன் எதையோ கேட்கிறான்,
கையை நக்கிக் காட்டுகிறான்,
ஒருவருக்கும் புரியவில்லை.
பாராசிட்டமால் கேட்டு வந்தவரை
நிற்கவைத்துவிட்டு அழுதேன் அன்றைக்கு.

படக்குழு எங்கள் ஆற்றுக்கு வந்தபோது
ஊரே பெயர் கொடுத்தது.
தாடி வைத்தவர்களுக்கு ஈட்டி.
எனக்குப் பிணம்.
அக்டோபர் மாத ஓராவாவில் இடுப்புவரை கிடக்க வேண்டும்.
நாளுக்கு அறுபது யூரோ, பருப்பு சூப்,
மூச்சை நெஞ்சில் விடாதே, அடிவயிற்றில் விடு
என்றொரு அறிவுரை.

இரண்டாம் நாள் கேட்டேன், ஓடம் எங்கே?
பச்சைத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன்
“இங்க பாலம் வருது” என்றான்.
ஓடம் என்றால் ஏழு நிமிடமாம்,
பாலம் என்றால் நாற்பது நொடி.

பாலம்!
எதிர்க்கரையில் தெரிகிற ஆஸ்பத்திரிக்கு நாங்கள்
பதினாறு கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம்.
மனு கொடுத்துக் கொடுத்தே
மேயர் வெந்தெலின் ஸ்ட்ராகாவுக்குத் தலை நரைத்தது.

படம் வந்தது.
மூன்று பேருந்து பிடித்து நகரத்துக்குப் போனோம்.
எங்கள் ஆற்றின்மேல் அது எழுந்தது,
ஐந்து கல்வளைவு, தூணுக்குத் தூண் கழுகு.
“வெந்தெலின், வந்துடுச்சுய்யா உன் பாலம்!”
பின்வரிசையில் யாரோ கத்த,
மேயர் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தார்.
என் இடது கை ஒரு நொடி தெரிந்தது.
அரசன் அதைத் தாண்டிப் போனான்.
ஒரு சொல்லும் குறையாமல் பாலம் கடந்தவன்,
நிறையப் பேசினான்.

சமையற்காரன் உப்புக் கேட்டான்.
கொண்டுவந்து கொடுத்தார்கள்.
செத்தான்.

வசந்தத்தில் ஆட்கள் வரத்தொடங்கினார்கள்,
போனை ஏந்திக்கொண்டு
கரையில் மேலும் கீழுமாய்ப் பாலத்தைத் தேடி.
என் மைத்துனன் இம்ரிஹ் மீன்படகைக் கழுவி இறக்கினான்.
தலைக்கு மூன்று யூரோ.
ஞாயிற்றுக்கிழமைத் துடுப்பு என்னுடையது.
யூரோவை வாங்கி அவன் டப்பாவில்தான் போடுகிறேன்,
கணக்கில் குறை வைத்ததில்லை.
நடு ஆற்றில் மட்டும் கேட்பேன்.
பெரும்பாலும் விழிப்பார்கள்.
ஒருவர் ‘வைஃபை’ என்றார்,
போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஜூனில் ஒரு லிதுவேனியப் பெண்.
மழைக்கோட்டு, கையில் பை எதுவும் இல்லை.
நான் வாயைத் திறக்கும் முன்பே
தண்ணீர்ப் பக்கம் திரும்பி
ஒரு சொல் சொன்னாள்.
இரண்டு அசை. பெயராகவும் இருக்கலாம்.
துடுப்பை நிறுத்திவிட்டேன்,
படகு கொஞ்ச தூரம் தானாகப் போனது.

திரும்பும் பயணத்துக்கு அவள் வரவில்லை.
பதினாறு கிலோமீட்டர் சாலையில்
நடக்க ஆரம்பித்திருந்தாள்.

இன்னும் இருக்கிறது என்னிடம்.
கடையில் ஆளில்லாத நேரம்
சத்தம் வராமல் உதட்டில் வைத்துப் பார்ப்பேன்.
அகராதி வாங்கவில்லை.
கூலி கூலிதான்.