சும்மா விட்ட இரண்டு பருவம்

கிராம்பு என்று கூப்பிட்டால் வரும்.
சான்றிதழில் அதற்கு ஒரு முழ நீளத்துக்கு வேறு பெயர்,
அதைச் சொன்னால் காதைக்கூடத் திருப்பாது.
பர்மியச் சாதி, கருப்பட்டி நிறம்.
பிறந்தது பைன்டவுன், வளர்ந்தது
சாட்ஸ்வர்த்தில் நான் துணி துவைக்கும் அறை.

இந்த ஊரில் புரட்டாசி வசந்தத்தில் வருகிறது.
வீட்டில் மீன் இல்லாத மாதம்.
பில்ச்சர்ட்ஸ் டின்னை வாசலுக்கு வெளியே வைத்துத் திறப்பேன்,
அது தின்று முடிக்கும்வரை
முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.
பகல் நீளும். அது தரையில் உருளும்.
பின்பக்கத்தைத் தூக்கி, ராத்திரி முழுக்க
அது கத்தும் கத்தலுக்கு
மூன்றாம் வீட்டுத் தேவசீலன் ஒரு பெயர் வைத்திருந்தான்,
எழுத முடியாது.

நோட்டில் எல்லாம் இருக்கிறது.
வெருலத்துக் கடுவனிடம் கொண்டுபோன தேதி,
இரண்டுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு,
அறுபத்தைந்தாம் நாள்,
மின்சாரம் போன இரண்டரை மணி நேரத்தில்
கைபேசி வெளிச்சத்தில் வந்த நாலாவது குட்டி.
மாவு நிறுக்கும் தராசில் தொண்ணூற்றிரண்டு கிராம்,
மறுநாள் எண்பத்தெட்டு,
மூன்றாம் நாள் ஒரு கோடு.

முதல் ஈற்றில் நாலு. அடுத்ததில் ஐந்து.
வயிறு தொங்கி, முடி உதிர்ந்து நின்றது.
கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று
இரண்டு பருவத்தைச் சும்மா விட்டேன்.
என் அம்மாவுக்கு நாங்கள் ஏழு பேர்,
அவளை யாரும் சும்மா விடவில்லை.
கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து
கிராம்பு கத்தி ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்தேன்,
நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் கிண்ணம் இரண்டு தரம் காலியானது.
புதன்கிழமை, டின் திறக்கும் சத்தத்துக்கு எழுந்திருக்கவில்லை.
வாலுக்கடியில் பார்த்தேன், சுத்தம்.
சுத்தமாக இருந்ததுதான் மோசம்:
வாய் மூடிக்கொண்ட கருப்பை,
உள்ளே வழியில்லாத சீழ்.

டாக்டர் க்வாலா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"சில பூனைக்குக் கடுவன் இல்லாமலே முட்டை இறங்கிவிடும்.
கருப்பை மெத்தை போட்டு வைத்துக் காத்திருக்கும்.
யாரும் வராத மெத்தையில்
கிருமி வந்து படுத்துக்கொள்ளும்.
ஒவ்வொரு வெறும் பருவத்துக்கும் மெத்தை தடிக்கும்.
வேண்டிய ஈற்றைச் சீக்கிரம் எடுத்து
கருப்பையையும் எடுத்துவிடுவது நல்லது.
கேட்கத்தான் கொடுமை."

மருந்தில் கரைத்துப் பார்க்கலாமாம்,
இன்னொரு ஈற்றுக்கு வாய்ப்பு உண்டாம்.
மூடியிருப்பதால் கிழியவும் கிழியலாமாம்.
பல்லிட்டோவில் ஒருத்தி மூவாயிரம் ராண்ட் முன்பணம் கட்டி
பிறக்காத பெண்குட்டிக்குப் பெயரும் வைத்திருந்தாள்.
கையெழுத்துப் போடப் பேனா கேட்டு வாங்கினேன்.
என் பைக்குள் மூன்று பேனா கிடந்தது.

எடுத்ததைப் பார்க்கிறாயா என்றாள். பார்த்தேன்.
முடிச்சுப் போட்ட மரவள்ளிக்கிழங்கு மாதிரி, இரண்டு கிளை.
நானூற்றுப் பத்து கிராம்.
நாலரைக் குட்டி என்று
மனம் தானாகக் கணக்குப் போட்டது,
அதை அடக்க முடியவில்லை.

முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
அவள் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் மட்டும் அனுப்பினாள்,
என்ன அர்த்தமோ.
வேலிக்கு அந்தப்பக்கமிருந்து தேவசீலன்
"இப்போதெல்லாம் சத்தமே இல்லையே" என்றான்,
ஏதோ தொலைந்த மாதிரி.

சிரைத்த வயிற்றோடு கிராம்பு வெயிலில் படுத்திருக்கிறது.
அதன் மகள் ஏலக்காய்க்கு எட்டு மாதம்.
நேற்று அதுவும் தரையில் உருண்டது.
சினைக்கு விட வயது பத்தாது.
சும்மா விட்டால்,
சும்மா என்ற சொல்லை
இனி நான் எப்படிச் சொல்வது?
நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி மட்டும் போட்டேன்.

புரட்டாசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
டின்னை அடுப்பங்கரையிலேயே திறந்தேன்.
அது தின்பதை
முழுக்கப் பார்த்தேன்.