ஆறு முப்பத்தெட்டு

திருவனந்தபுரத்தில் கிளம்பினால்
முட்டம் கலங்கரை விளக்கம் வரும்போது
ஆறு முப்பத்தைந்து.
அங்கேதான் ஒவ்வொரு முறையும்
உயரமானியின் முள் காணாமல் போகிறது.

பகலில் எண்கள் வெள்ளையாய்த் தெரியும்,
இரவானால் ஆரஞ்சில் தாமே எரியும்.
இந்த சிமுலேட்டரை எழுதியவனுக்கு
அந்தி என்று ஒன்று
தோன்றவேயில்லை.
குமிழைத் திருகுகிறேன், முழுக்கத் திருகுகிறேன்.
வெளியே கடல் இன்னும் செம்பு,
உள்ளே பலகை சட்டியடிக் கரி.
மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டினால்
வானம் கஞ்சித்தண்ணியாய் வெளுக்கிறது.

"லைட்டும் போடாம என்னத்த பாக்குத?"
ஜெஃப்லின் வந்து சுவிட்சைத் தட்டுகிறான்.
திரையில் இப்போது
வெள்ளைச் சீருடையில் நான்,
பின்னால் கொடியில் அவன் லுங்கி.
அணைலே.

ஏழரைக்கு ஆசாரிப்பள்ளத்தில் நைட் டியூட்டி.
ஏழாம் படுக்கைக்காரரின் துடிப்பு
விடியும்வரை பச்சையாய் ஒளிரும்,
கண்ணை மூடினாலும் தெரியும்.
இங்கே முள் எங்கே நிற்கிறதென்று
எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.
மூக்கைக் கொஞ்சம் தூக்குகிறேன்.
மூவாயிரம் அடி இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

தெருமுனையில் பஸ் ஹாரன்.
விமானத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு
செருப்பைத் தேடுகிறேன்.
காலையில் திரும்பி வரும்போதும் அங்கே
ஆறு முப்பத்தெட்டுதான்.