மனப்பாடம்

முன்னால் நின்றவர்கள் உரக்கப் படித்ததைக்
காதில் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.
முறை வந்ததும் கடைசி வரிவரை
இடறாமல் ஒப்பித்தார் எலெயுத்தேரியோ சிகுவாய்.
அவருக்கு ஐம்பத்தாறு, சர்க்கரைக்குப் பதினொன்று.

பலகையைத் திருப்பி மாட்டினேன்.
பின்பக்கம் வேறு எழுத்துகள்.
அதே வரிகளை அதே தாளத்தில்
மறுபடி சொன்னார்.

சொட்டு மருந்து விட்டுக்
கண்மணி விரியக் காத்திருந்தோம்.
வேன் கூரையில் சிலோயே மழை,
அது இங்கே யாரைக் கேட்டும் பெய்வதில்லை.
படிவத்தை எட்டிய மட்டும் தள்ளிப் பிடித்து
அவர் பெயரை எழுதினேன்.
'இன்னும் கொஞ்சம் நீட்டினால் கடலில் விழும்' என்றார்.
எனக்கு நாற்பத்தேழு.
கண்ணாடி பையில்தான் இருந்தது.
போடாததற்கு
அவரைவிட உசத்தியான காரணம் என்னிடமும் இல்லை.

திரையில் வலது கண்:
ஆரஞ்சு வட்டம், கிளை பிரியும் நாளங்கள்,
பார்வை கூராகும் நடுப்புள்ளியை நோக்கி
மஞ்சள் துணுக்குகள், பேனா உதறினாற்போல் இரத்தம்.
இடது கண்ணைப் பற்றி இங்கே சொல்ல மாட்டேன்.

மூக்கு உரச நின்று பார்த்தார்.
'இது பாறையா?'
கசிந்த இடம்.
'இது துறைமுகம்?'
அப்படியும் சொல்லலாம்.
'நடுவே எவ்வளவு தண்ணீர்?'
அரை மில்லிமீட்டர் கூட இல்லை என்றேன்.
சீட்டியடித்தார்.
'அந்தச் சந்தில் என் மைத்துனன்கூட
படகை விடமாட்டான். அவன் குடிகாரன்.'

வலிக்கவே இல்லையே, என்றார் பிறகு,
யாரையோ குறை சொல்வதுபோல.

அப்போதுதான் சட்டையைக் கவனித்தேன்,
மார்பில் தைத்த நங்கூரம்.
அன்று காலை மூடுபனிக்குள்
எங்கள் வேனை, காமிராவை, இரண்டு பால் லாரிகளை,
சீருடைப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறையத்
தீவுக்குக் கொண்டுவந்த படகு
இவருடையது.
கரையில் ஓர் உரசல்கூட இல்லை.

எப்படி என்றேன்.
'முப்பது வருஷம். அதுவும் மனப்பாடம்.'

லேசருக்குச் சீட்டு எழுதினேன்,
அவசரம் என்பதை இருமுறை அடிக்கோடிட்டு.
கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

மாலைப் படகின் சுக்கானில் மைத்துனன்.
புறப்படும்போதே துறையில் ஒருமுறை இடித்தான்.
அட்டைக் கறுப்புக் கண்ணாடியோடு
பயணிகள் பெஞ்சில் என் பக்கத்தில் சிகுவாய்,
ஒவ்வொரு திருப்பத்துக்கும்
ஒரு நொடி முன்பாகவே
உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.