பண்டாரவளை, மருந்துக்கடைக்கு மேல்மாடி

போனிலேயே கேட்டேன், மணித்தியாலத்துக்கு எவ்வளவு.
என் மூன்று நாட்சம்பளம்.
இரண்டு தவணையாய்த் தரலாமா? தரலாம் என்றாள்.
எங்கே படித்தீர்கள் என்றதற்கும்
கோபம் வரவில்லை அவளுக்கு.
"எனக்கு வரைய வராது மிஸ்."
"இங்கே வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வராது."

கேட்க மறந்தது ஒன்றுதான்:
வரைந்த தாள் யாரிடம் இருக்கும்?
எங்கள் லயத்தில் முதல் காம்பராவில் தும்மினால்
ஆறாவதில் நூறாயுசு என்பார்கள்.

முதல் நாள், பச்சையைத் தொடவேயில்லை.
மண்ணிறத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.
மண்சரிவா என்று கேட்டிருந்தால்
எழுந்து போயிருப்பேன்.
"இன்னும் தாள் வேணுமா?" என்றாள்.

போகும்போது அலுமாரியைப் பூட்டி
சாவியைக் காட்டினாள்.

ஹப்புத்தளை பஸ்ஸில் பார்க்கிறேன்,
நகக்கண்ணெல்லாம் மண்ணிறம்.
தம்பியைத் தேடித் தோண்டிய கிழமையும்
இப்படித்தான் இருந்தது.
அன்றைக்கு உரசி உரசிக் கழுவினேன்.