சக்கை

வெளியூர்க்காரர்களுக்குச்
சக்கை என்றால் பிழிந்துபோட்ட சண்டு.
அருமனையில் அது பலா.
சக்கை மூட்டில் மழையில் கிடந்த ஒன்றை
ஷெர்லின் துண்டில் பொதிந்து கொண்டுவந்தாள்.
பெயர் வைத்தாள்.
பத்தொன்பது நாள் பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்தாள்.
இருபதாம் நாள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி
குவைத்தில் இரவுப்பணி நர்ஸ் ஆனாள்.

எனக்கு நாய் பிடிக்குமா என்று
அவளும் கேட்கவில்லை,
அதுவும் கேட்கவில்லை.

விடியக்காலம் மூன்று மணிக்குத் தலைவிளக்கு கட்டி
ரப்பர் வெட்டப் போனால்
எனக்கு முன்னால் ஓடும்.
ஒவ்வொரு மரத்திலும் நான் கத்தி வைப்பேன்,
அது கால் தூக்கும்.
இருநூற்றுப் பதினெட்டு மரம்.
எப்படி அவ்வளவு இருப்பு வைத்திருந்ததோ.

ஈரம் மாறாத ஷீட்டின் மேல்
செம்மண் காலோடு நடந்துபோனது ஒருநாள்.
பொன்னையன் கடையில்
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு
"இது எந்தக் கம்பெனி முத்திரை வோய்?" என்றார்.
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைத்தார்.
அந்த ஷீட்டை மட்டும் நான் விற்கவில்லை.
வாசலில் போட்டிருக்கிறேன்.
அதில் படுக்காது. பக்கத்தில் படுக்கும்.

பூச்சி மாத்திரையைச் சாளைக்குள் ஒளித்தேன்.
சாளை போனது,
மாத்திரை கழுவிவைத்ததுபோல் தரையில் இருந்தது.
மரச்சீனிக்குள் வைத்தேன், ஏத்தன்பழத்துக்குள் வைத்தேன்.
கடைசியில் நானே தின்பதுபோல் வாயருகே கொண்டுபோய்த்
தவறவிட்டேன்.
பாய்ந்து விழுங்கிவிட்டு
ஜெயித்ததுபோல் பார்த்தது என்னை.

பள்ளித் திருநாள் வெடிக்குக்
கட்டிலுக்கடியில் போய் நடுங்கியது.
கூப்பிட்டு வராததால் நானும் நுழைந்தேன்.
நாற்பது நிமிடம், முதுகில் கட்டில் சட்டம் இடிக்க,
ஒரு நாயின் நெஞ்சு இப்படியா அடிக்கும்
என்று கை வைத்துக் கிடந்தேன்.
அங்கேதான் கிடைத்தது
அவள் போகும் அன்று தேடித் தேடித் திட்டிய
இடதுகால் செருப்பு.
பாதிதான் மிச்சம்.

சாயங்காலம் போன் வரும்.
"சக்கையைக் காட்டுங்க" என்பாள்.
எனக்குக் காய்ச்சல் என்று சொன்ன அன்றும்
"அது சாப்பிட்டுதா?" என்றாள்.
அது திரையை நக்கும்,
பிறகு போனுக்குப் பின்னால் போய்த் தேடும்.
அங்கே கோதுமைமாவு டப்பாதான் இருக்கும்.
ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தது,
ஒவ்வொரு நாளும் டப்பாதான்.

இருபத்தாறு மாதம் கழித்து
இரண்டு பெட்டியோடு வந்திறங்கினாள்.
கள்ளனைப் பார்த்ததுபோல் குரைத்தது.
"சக்கே, மக்களே, நான்தாம்லே!"
குரலைக் கேட்டு வாலைப் பாதி ஆட்டியது,
ஆளைப் பார்த்து உறுமியது.
இரவு சோறு பிசைந்தபடியே இருந்தாள்.
கேட்டால் மிளகாய்க் காந்தல் என்றாள்.
அன்றைக்கு வெறும் மோர்க்குழம்பு.

நாலாம் நாள் ஒன்றும் சொல்லாமல்
கிணற்றடிக்குப் போய்
அங்கிருந்து என் போனுக்கு வீடியோவில் வந்தாள்.

ஓடிவந்தது. திரையை நக்கியது.
"சக்கே" என்று கிணற்றடியில் கேட்டது,
ஒரு நொடி பிந்தி "சக்கே" என்று
என் கைக்குள்ளும் கேட்டது.
ஒரு காது அங்கே, ஒரு காது இங்கே.
பழக்கத்தில் போனுக்குப் பின்னால் போனது.
இந்தத் தடவை டப்பா இல்லை,
நான் கதவு திறந்து வைத்திருந்தேன்.

அப்புறம் திரையில் கொஞ்சம் வானம்,
கிணற்றுக் கயிறு,
பிறகு நாக்கு மட்டும்,
முழுத்திரைக்கும் நாக்கு.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று
தெரியவில்லை. சத்தம் இரண்டு தடவை வந்தது.
அடுத்து வந்ததும் இரண்டு தடவை வந்தது:
"என்ன நாத்தம்!
இதைக் குளிப்பாட்டவே மாட்டீங்களா?"

நான் வாளியை எடுத்தேன்.
வாளிச் சத்தம் கேட்டதுதான் தாமதம்,
எங்கள் இரண்டுபேரையும் விட்டுவிட்டு
ரப்பர் விளைக்குள் ஓடியே போய்விட்டது.