ஐந்து மதிப்பெண் இலை

மேட்டூருக்குப் போகும் கரி வண்டி
லத்தேரி வளைவில் கொஞ்சம் குலுங்கும்.
ஓரத்து வீடுகளிலிருந்து சாக்கோடு வருவார்கள்.
கரியைப் பொறுக்குவார்கள், கல்லை விட்டுவிடுவார்கள்.
எரியாததை யார் சுமப்பது?

கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
தண்டவாளத்தின் மேல் வைத்த மானி அறுபதைத் தொட்டது.
கிளிப் அடித்துக்கொண்டே வந்தேன்.
சுத்தியல் நழுவி
ஜல்லிக்கு நடுவே கிடந்த சாம்பல் சில்லில் விழுந்தது.
அது நோட்டுப் புத்தகம்போல் திறந்துகொண்டது.

உள்ளே ஓர் இலை.

நடுவில் தடித்த நரம்பு,
இரண்டு பக்கமும் மீன்வலைப் பின்னல்.
நுனி மட்டும் இன்னும் கல்லுக்குள்.

இது எனக்குத் தெரியும்.
குடியாத்தம் கல்லூரி, பி.எஸ்சி. தாவரவியல்,
நான்காம் பருவம், பகுதி ஆ:
குளோசாப்டெரிஸ், படம் வரைந்து பாகம் குறி.
ஐந்து மதிப்பெண். எனக்கு நாலரை.
நுனியைக் கூராக வரைந்துவிட்டேனாம்.

அப்புறம் குரூப் டி தேர்வு, ஆரஞ்சு நிற மேல்சட்டை,
ஆறு வருஷம்.
யாரும் திரும்பக் கேட்காத கேள்வியின் விடை
இப்போது உள்ளங்கையைச் சுடுகிறது.
"பூரான் மாதிரி இருக்கு, கீழ போடும்மா"
என்றார் மேட் ஜாபர்.

எங்கள் பக்கத்துக் கல்லில் இலை இருக்காது.
வள்ளிமலையை உடை, கோட்டை மதிலை உடை,
உப்பும் மிளகும் கலந்த மினுமினுப்புதான்.
இலை என்று ஒன்று உண்டாவதற்கு முன்பே
வெந்து முடிந்த பாறை.

இதுவோ பனி உருகிய சேற்றில் விழுந்தது.
கண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த தெற்கில்,
குளிர் வருகிறதென்று மரமே கழற்றிப் போட்டது.
இருபத்தைந்து கோடி வருஷத்துக்கும் மேலாகிறது.
வந்து சேர்ந்திருக்கிறது, வேலூர் வெயிலுக்கு.

சாயங்காலம் காட்பாடி, ஒண்ணாம் பிளாட்பாரம்.
குழாயில் கழுவினேன். நனைந்ததும்
இலை கறுத்து மேலே எழும்பி வந்தது.
பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு கை நீண்டது.

ஆஸ்பத்திரிக் கவர். மே மாதத்தில் மஃப்ளர்.
ஹவுரா வண்டி மூன்று மணி நேரம் தாமதம்.
ஹரேன் பாவுரி, ராணிகஞ்ச்,
இருபத்தெட்டு வருஷம் பூமிக்கு அடியில்.
ஒவ்வொரு சொல்லையும் நெஞ்சிலிருந்து
வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது அவருக்கு.

அவர் இந்தி, அவர் மனைவியின் வங்காளம், என் தமிழ்.
எல்லாம் அரைகுறை.
குளோசா என்றால் கிரேக்கத்தில் நாக்கு.
அந்தக் கல்நாக்கை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம்.

"ஊபர்" என்று தலைக்கு மேலே காட்டினார்.
சுரங்கக் கூரை முழுக்க இதுதானாம்.
தலைவிளக்கு பட்டால் தெரியுமாம்,
ஒரு காடே குப்புறக் கிடப்பது.
ஒருமுறை உதிர்ந்தது மறுபடி உதிரத் தொடங்கினால்
திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டுமாம்.
இரண்டு விரலை மடக்கினார். ஓடாதவர்கள்.

பிறகு கவரைப் பிரித்து
எக்ஸ்ரே படத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.
நடுவே தண்டு. இரு பக்கமும் நரம்புப் பின்னல்.
ஊடே ஊடே வெள்ளைப் பொட்டுகள்.
கல்லை அதற்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை.
மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பாகம் குறி, என்றது எனக்குள் யாரோ.

"வச்சுக்குங்க" என்று கல்லை நீட்டினேன்.
வேண்டாமென்று மார்பைத் தட்டினார்.
போதுமான அளவு இருக்கிறதாம்.
பெயர் கேட்டாள் அவர் மனைவி. பவுனரசி என்றேன்.
மூன்று முறை முயன்று, பபுன் என்று முடித்தாள்.

நடு லைனில் நிற்காமல் போனது அடுத்த கரி வண்டி.
எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.
மஃப்ளரை மூக்குவரை இழுத்தபடி
அவர் மட்டும் வேகன்களை எண்ணினார்.
ஐம்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்டேன்.
விளக்கு எரிந்தது. எங்கோ எந்த இலையோ.
விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு புடவை ஊக்கை நிமிர்த்தி
மூடியிருந்த ஓரத்தைச் சுரண்டினேன்.
பத்தரை மணிக்கு நுனி தெரிந்தது.

கூர்தான்.

அந்த அரை மதிப்பெண்
எனக்கு வரவேண்டியது.