ஊசிக்கோடு

சனிக்கிழமை சம்பளக் கவரை
உடனே பிரிக்க மாட்டேன்.
உள்ளே எவ்வளவென்று தெரியும்:
ஆறு ஷிப்ட், இரண்டு ஓவர்டைம்,
முன்பணம் பிடித்தது போக மிச்சம்.
தெரிந்ததைப் பிரிக்க என்ன இருக்கிறது.

இது அப்படியில்லை.
வெள்ளித்தாள் பாக்கெட், ஓரமெல்லாம் பல்பல்லாய் வெட்டு.
எட்டு அட்டை என்று போட்டிருக்கும்.
எந்த எட்டு என்று போட்டிருக்காது.

புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில்
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டும் தெய்வசிகாமணிதான்
பெட்டியாய் வரவழைப்பான். பாதி எனக்கு.
பேஸ்பால் அட்டை.
"ஏனுங்க்கா, கிரிக்கெட் அட்டையே வாங்கலாமில்லீங்?"
கிரிக்கெட்டில் எல்லாரையும் எனக்குத் தெரியுமே, என்றேன்.

இந்த ஆட்டத்தில்
எந்தப் பக்கம் ஓடினால் ரன் என்பதே இன்னும் பிடிபடவில்லை.
வாயில் எதையோ அதக்கிக்கொண்டு
தொப்பிக்கடியில் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறார்கள்,
ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் சாயப்பட்டறை ஆட்கள் மாதிரி.
பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.
ஓரி க்விண்டெல். டெல்பர்ட் ஹான்ரகன்.
டெல்பர்ட் மட்டும் பதினோரு தடவை வந்துவிட்டான்
கதவைத் திறந்தால் நிற்கிற சீட்டுக்காரனைப் போல.

பகலில் என் வேலையும் பிரிப்பதுதான்.
எண்பது பெட்டியில் எட்டைப் பிரிப்போம்.
எட்டு சொல்வதுதான் எண்பதுக்கும் தீர்ப்பு.
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் தாவல்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
பதினான்கு வருசத்தில்
நல்லதைத் தேடி ஒரு பெட்டியும் பிரித்ததில்லை.

அன்றைக்கு ஆறு பாக்கெட்.
சாப்பாட்டு நேரம், லேபில் ஆளில்லை.
சேகரிப்பவர்கள் செய்யக்கூடாததைச் செய்தேன்:
துணிக்கு ஜிஎஸ்எம் பார்க்கும் தராசில்
ஒவ்வொன்றாய் வைத்தேன்.
ஐந்து ஒரே எடை.
ஆறாவது ஒன்றரை கிராம் கூட.
துணியில் இவ்வளவு கூடினால்
நிட்டிங்காரரைப் போனில் பிடித்து வாங்கியிருப்பேன்.
இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது.

டெல்பர்ட். சரி, வா.
யாரோ. யாரோ. க்விண்டெல்.
அப்புறம் தடித்த ஒன்று, நடுவில் ஜன்னல்.
ஜன்னலுக்குள் துணி.
ஆட்டக்காரன் உடுத்திய சட்டையில் வெட்டியது என்று
பின்புறம் உத்தரவாதம்.

வேறு யாருக்கு வந்திருந்தாலும்
ஆளின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.
நான் விரலை விட்டு உரசினேன்.
பாலியஸ்டர். துளைத்துளையாய்ப் போட்ட நிட்டு.
நூற்றைம்பதைத் தாண்டாது.
லென்ஸை வைத்தேன்.
இடது ஓரத்தில், மேலிருந்து கீழே,
முடி கிடப்பதுபோல் ஒரு கோடு.
ஊசிக்கோடு.
மெஷினில் ஒற்றை ஊசி வளைந்து,
வளைந்தது யாருக்கும் தெரியாமல் ஓடிய கோடு.

கை தானாய்ப் பைக்குள் போனது.
அம்பை ஒட்டிவிட்டேன்.
ஒட்டிய பிறகுதான்
எதில் ஒட்டினேன் என்று பார்த்தேன்.

"அய்யோ அக்கா, ஏழாயிரத்துக்குப் போயிருக்குமுங்!
பிச்சுறாதீங், துணியும் சேர்ந்து வந்துரும்!"
தெய்வசிகாமணி கத்திக்கொண்டிருந்தான்.
நான் வேறொருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.
எந்த ஊரோ.
லைட் போட்ட மேஜைக்கு முன்னால் நின்றிருப்பாள்,
துணி ஓட ஓடப் பார்த்திருப்பாள்.
அந்த நேரம் கொட்டாவியோ, வீட்டிலிருந்து போனோ,
இல்லை, பார்த்தும்
போய்த் தொலையட்டும் என்று விட்டாளோ.
அந்தக் கோட்டை உடுத்திக்கொண்டு ஒருத்தன் பந்தடித்திருக்கிறான்.
மைதானமே எழுந்து நின்று கத்தியிருக்கிறது.

அம்பு அட்டையிலேயே இருக்கிறது,
பன்னிரண்டு டெல்பர்ட்களுக்குப் பக்கத்தில்.

மிச்சம் ஐந்து பாக்கெட்
சம்பளக் கவரோடு அலமாரியில் கிடந்தன.
தராசு சொல்லிவிட்டது, ஒன்றுமில்லையென்று.
செவ்வாய் ராத்திரி கரண்ட் போயிற்று.
தடவித் தடவி ஐந்தையும் பிரித்து
மடியில் போட்டுக்கொண்டேன்.
நாற்பது பேர்.
ஒருத்தன் முகமும் தெரியவில்லை.
முக்கால் மணி நேரம்
கரண்ட் வராமல் இருந்தது.